வட கரோலினா: பதினைந்து ஆண்டில் ஆறு வரைபடங்கள். கோடு யார் கையில், எண்ணிக்கை யார் கையில்?

கரைக்கோடு | பதிவு 1

ஜெர்ரிமாண்டரிங் (ஒரு கட்சிக்குச் சாதகமாகத் தொகுதி எல்லையை வளைத்து வரைவது) என்று சொல்லிவிட்டு, கோணல்மாணலான தொகுதிப் படம் ஒன்றைப் போடுவதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கோடு எப்படிப் போடப்படுகிறது, எந்தக் கணக்கில் பிடிபடும், எந்தக் கணக்கு நம்மை ஏமாற்றும் என்று ஒரே மாநிலத்தை வைத்துப் பார்க்கலாம். வட கரோலினாவை எடுத்துக்கொள்கிறேன்.

பத்தாண்டுக்கு ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதற்கு ஒரு வரைபடம் என்பது அமெரிக்க வழக்கம். வட கரோலினாவிலோ, நாட்டின் நாடாளுமன்றக் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கான வரைபடம் 2011, 2016, 2019, 2022, 2023, 2025 என்று ஆறு முறை மாறியிருக்கிறது. முடிவுகள் இவை:

2012: குடியரசுக் கட்சி 9, ஜனநாயகக் கட்சி 4. மாநிலம் முழுவதும் கூட்டிப் பார்த்தால் ஜனநாயகக் கட்சிக்குத்தான் வாக்கு அதிகம், 50.6 சதவீதம்.
2014, 2016: 10–3.
2018: அதே 10–3, அதில் ஓர் இடத்தின் முடிவு முறைகேட்டால் ரத்தாகி மறுதேர்தல் நடந்தது.
2020: 8–5.
2022: 7–7.
2024: 10–4.

இதே காலத்தில் நடந்த நான்கு அதிபர் தேர்தல்களிலும் குடியரசுக் கட்சியே இம்மாநிலத்தில் வென்றது. ஆனால் வித்தியாசம் ஒருமுறைகூட 4 சதவீதத்தைத் தொடவில்லை. 2016, 2020, 2024 ஆளுநர் தேர்தல்களில் வென்றது ஜனநாயகக் கட்சி. அதிபர் தேர்தல்களில் வாக்காளர் மனம் இரண்டு மூன்று புள்ளிக்குள்தான் ஆடியிருக்கிறது. இடங்கள் மட்டும் 10–3-லிருந்து 7–7-க்குப் போய் 10–4-க்குத் திரும்பியிருக்கின்றன.

2024 தேர்தலுக்குப் பின் வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபை 220–215 என்று அமைந்தது. 2023 வரைபடத்தால் வட கரோலினாவில் கைமாறியவை மூன்று இடங்கள். அவை மாறாமல் இருந்திருந்தால் 217–218. ஒரு மாநிலச் சட்டமன்றத்தின் கோடு நாட்டின் சபாநாயகர் யார் என்பதையே தீர்மானிக்க முடியும்.

---

மாம்பலம் வாசகர் | பதிவு 2

சார், அடிப்படைச் சந்தேகம். தமிழ்நாட்டில் தொகுதி மறுவரையறை என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றா? வடக்கே இடம் கூடும், நமக்குக் குறையும் என்பதும் ஜெர்ரிமாண்டரிங்தானா?

---

கரைக்கோடு | பதிவு 3

ஒன்றல்ல. எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பது பங்கீடு. அந்த இடங்களுக்கான எல்லையை மாநிலத்துக்குள் எங்கே போடுவது என்பது கோடு. தமிழ்நாட்டின் கவலை பங்கீடு பற்றியது. 1967 தேர்தலில் நம் மக்களவை இடங்கள் 41-லிருந்து 39 ஆயின. 1976-இல் 42-ஆவது திருத்தம் பங்கீட்டை 1971 கணக்கெடுப்போடு நிறுத்திவைத்தது. 84-ஆவது திருத்தம் அந்த நிறுத்தத்தை 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. இடையில் குல்தீப் சிங் ஆணையம் கோடுகளை மட்டும் மாற்றியது. சிவகாசித் தொகுதி போய் விருதுநகர் வந்தது, 39 என்ற எண் அசையவில்லை.

அமெரிக்காவில் பங்கீடு சண்டையில்லாமல் நடக்கிறது. 435 இடங்கள், ஒரு சூத்திரம், பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கு. 2020 கணக்கெடுப்பில் வட கரோலினா 13-லிருந்து 14 ஆனது. அடிதடி முழுக்க இரண்டாவது வேலையில், கோட்டில்.

காரணம், கோடு போடுபவர் யார் என்பது. இந்தியாவில் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர் அல்லது இருந்தவர் தலைமையிலான ஆணையம் போடுகிறது. வட கரோலினாவில் மாநிலச் சட்டமன்றமே, சாதாரண மசோதாபோலப் பெரும்பான்மையில் நிறைவேற்றிக்கொள்கிறது. பிற மசோதாக்களை ஆளுநர் தடுத்து நிறுத்தலாம். தொகுதி வரைபடத்தில் அந்த அதிகாரம் அவருக்கு இல்லை என்று மாநில அரசமைப்பே சொல்கிறது. அதனால்தான் ஜனநாயகக் கட்சி ஆளுநர் பதவியில் இருக்கும்போதே குடியரசுக் கட்சிச் சட்டமன்றத்தால் இந்த வரைபடங்களில் பெரும்பாலானவற்றைக் கொண்டுவர முடிந்தது. இந்த ஒரு விதி தெரியாவிட்டால் வட கரோலினா கதை விளங்காது.

---

எண்சுவடி | பதிவு 4

கணக்கைப் போட்டுவிடுகிறேன்.

ஐந்து தொகுதிகள், தொகுதிக்கு 100 வாக்கு. அ கட்சிக்கு மொத்தம் 250, ஆ கட்சிக்கும் 250. கோடு போடுவது அ. ஆ கட்சி ஆதரவாளர்களை ஒரு தொகுதியில் அடைத்துவிடுகிறது: அங்கே அ 18, ஆ 82. மிச்சமுள்ள ஆ ஆதரவாளர்களை மற்ற நான்கிலும் சிதறடிக்கிறது: ஒவ்வொன்றிலும் அ 58, ஆ 42. வாக்கு சரிபாதி, இடங்கள் 4–1. அடைப்பதும் சிதறடிப்பதும் பெரும்பாலும் சேர்ந்தே நடக்கும்.

இதை அளக்க எளிய வழி வீண் வாக்கு. தோற்ற தொகுதியில் விழுந்த எல்லா வாக்கும் வீண். வென்ற தொகுதியில் பாதிக்கு மேல் போனது வீண். அ-வின் வீண் வாக்கு: நான்கில் தலா 8, ஐந்தாவதில் 18, ஆக 50. ஆ-வின் வீண் வாக்கு: நான்கில் தலா 42, ஐந்தாவதில் 32, ஆக 200. வித்தியாசம் 150, மொத்தம் 500-இல் 30 சதவீதம். இதைத்தான் திறன் இடைவெளி என்கிறார்கள். ஸ்டெஃபனாபுலோஸ், மெக்கீ என்ற இருவர் உருவாக்கியது. விஸ்கான்சின் வழக்கில் பெரிதாகப் பேசப்பட்டது.

இன்னொரு வழி சராசரிக்கும் நடுமதிப்புக்கும் உள்ள இடைவெளி. அ-வின் சதவீதம் 58, 58, 58, 58, 18. சராசரி 50. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பது 58. 8 புள்ளி அ பக்கம் சாய்வு.

இரண்டையும் ஒரே ஒரு தேர்தலை வைத்துப் போடாதீர்கள். போட்டியே இல்லாத தொகுதிகள் கணக்கைக் கெடுத்துவிடும். வட கரோலினாவில் 2024-இல் 3, 6 ஆகிய தொகுதிகளில் ஜனநாயகக் கட்சி வேட்பாளரே இல்லை. அந்த வாக்குகளை அப்படியே கூட்டி "குடியரசுக் கட்சிக்கு மாநிலத்தில் இத்தனை சதவீதம்" என்று சிலர் போடுகிறார்கள். தப்புக் கணக்கு. அதிபர், ஆளுநர், அரசு வழக்கறிஞர், மாநில உச்ச நீதிமன்றம் என்று மாநிலம் முழுக்க நடந்த ஐந்தாறு போட்டிகளின் வாக்கைப் புதிய தொகுதிகளுக்குள் கொட்டிப் பார்ப்பதே சரியான முறை.

---

மாம்பலம் வாசகர் | பதிவு 5

புரிந்தது. ஆனால் படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடாதா? பாம்புபோல வளைந்திருந்தால் தில்லுமுல்லு, சதுரமாக இருந்தால் நேர்மை என்று வைத்துக்கொள்ளலாமா?

---

எண்சுவடி | பதிவு 6

கூடாது. பலரும் ஏமாறுகிற இடம் இதுதான்.

அந்தச் சொல் பிறந்ததே படத்தால்தான். 1812-இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி கையெழுத்திட்ட எசெக்ஸ் பகுதித் தொகுதியை, சாலமாண்டர் என்ற பிராணிபோல வரைந்து பாஸ்டன் பத்திரிகை ஒன்று கேலி செய்தது; கெர்ரியும் சாலமாண்டரும் சேர்ந்ததே அந்தச் சொல். வட கரோலினாவிலும் 1990-களின் 12-ஆம் தொகுதி ஏறக்குறைய 160 மைல் நீளத்துக்கு ஐ-85 நெடுஞ்சாலையை ஒட்டி ஓடியது. அந்தக் காலத்தில் கண்ணால் பிடிக்க முடிந்தது.

2016 வரைபடத்தைப் பாருங்கள். 2011-ஐவிட ஒழுங்கான வடிவங்கள், வெட்டுப்பட்ட கவுண்டிகளும் (நம் மாவட்டம்போன்ற பிரிவுகள்) குறைவு. முடிவு 10–3. வரைபடக் குழுவில் இருந்த சட்டமன்ற உறுப்பினர் டேவிட் லூயிஸ், 10–3 என்று போடுவதற்குக் காரணம் 11–2 போட முடியும் என்று தமக்குத் தோன்றாததுதான் என்று குழுக் கூட்டத்திலேயே வெளிப்படையாகச் சொன்னார். மென்பொருள் கையில் இருந்தால் அழகான வடிவத்துக்குள்ளேயே வேண்டிய முடிவை வைத்துவிடலாம்.

வடிவத்தை அளக்கும் போல்ஸ்பி–பாப்பர் எண்ணிலும் கோளாறு உண்டு. பரப்பளவை 4π-ஆல் பெருக்கி, சுற்றளவின் வர்க்கத்தால் வகுப்பது. வட்டத்துக்கு 1, சதுரத்துக்கு 0.785. கடலோரத் தொகுதியில் இது படுத்துவிடும். வட கரோலினாவின் கிழக்குக் கரை முழுக்கக் காயல், மணல்தீவு, முகத்துவாரம். கரையை எவ்வளவு நுணுக்கமாக வரைந்த கோப்பு என்பதைப் பொறுத்துச் சுற்றளவு கூடிக்கொண்டே போகும். ஒரே தொகுதிக்கு இரண்டு கோப்பில் இரண்டு மதிப்பெண் வரும். ஒப்பிடுவதானால் இரண்டு வரைபடத்துக்கும் ஒரே கரைக்கோட்டுக் கோப்பைப் பயன்படுத்த வேண்டும்.

---

கேரி தமிழ் | பதிவு 7

வடிவத்தைவிட நல்ல கண்கணக்கு ஒன்று உண்டு: ஒரு கவுண்டியை எத்தனை துண்டாக்குவது கட்டாயம், எத்தனை துண்டாக்கினார்கள்?

2020 கணக்கெடுப்பில் மாநில மக்கள்தொகை 1,04,39,388. பதினான்கால் வகுத்தால் தொகுதிக்கு 7,45,670 அல்லது 7,45,671 பேர். பிரதிநிதிகள் சபைத் தொகுதிகளில் ஒரு ஆள் வித்தியாசத்துக்குள் வரைவதுதான் நடைமுறை.

ராலி நகரம், கேரி, மோரிஸ்வில் எல்லாம் இருக்கும் வேக் கவுண்டியில் 11,29,410 பேர். சார்லட் இருக்கும் மெக்லன்பர்கில் 11,15,482 பேர். இரண்டும் ஒரு தொகுதியைவிடப் பெரியவை, வெட்டித்தான் ஆக வேண்டும். கிரீன்ஸ்பரோ இருக்கும் கில்ஃபோர்டில் 5,41,299 பேர்தான். முழுக் கவுண்டியும் ஒரே தொகுதிக்குள் அடங்கும். 2023 வரைபடம் அதை மூன்றாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் சுற்றியுள்ள கிராமப்புறக் கவுண்டிகளோடு ஒட்டியது. கிரீன்ஸ்பரோவை மையமாகக் கொண்ட 6-ஆம் தொகுதி ஜனநாயகக் கட்சியிடம் இருந்தது. புதிய கோட்டைப் பார்த்ததும் அதன் உறுப்பினர் போட்டியிடவே இல்லை. 2016 வரைபடம் அதே ஊரில் ஏ அண்ட் டி பல்கலைக்கழக வளாகத்தின் நடுவிலேயே கோட்டைப் போட்டது. கறுப்பின மாணவர்கள் பெரும்பான்மையாகப் படிக்கும் பல்கலைக்கழகம் அது. ஒரு விடுதி ஒரு தொகுதியில், மற்றொரு விடுதி வேறு தொகுதியில்.

மாநிலச் சட்டமன்றத் தொகுதிகளுக்கு விதி வேறு. அங்கே கவுண்டிகளை உடைக்கக் கூடாது என்று மாநில அரசமைப்பு சொல்கிறது. 2002-இல் ஸ்டீஃபன்சன் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அதைக் கவுண்டித் தொகுப்பு முறையாக வகுத்துக் கொடுத்தது, மக்கள்தொகையில் 5 சதவீதம் முன்பின் இருக்கலாம். பிரதிநிதிகள் சபை வரைபடத்துக்கு இந்த வேலி கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதும் செய்திகள் நிறைய.

---

நீதிக்குறிப்பு | பதிவு 8

வழக்குப் பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் ஆறு வரைபடங்களில் பெரும்பாலானவை நீதிமன்றத்தில் பிறந்தவை அல்லது நீதிமன்றத்தில் செத்தவை.

அமெரிக்கச் சட்டத்தில் இனம் வேறு, கட்சி வேறு. இனத்தை முதன்மைக் காரணமாக வைத்துக் கோடு போடுவது அரசமைப்புக்கு விரோதம் என்பது 1993 ஷா எதிர் ரீனோ வழக்கிலிருந்து நிற்கிறது. அதுவும் வட கரோலினா வழக்குதான். 2011 வரைபடத்தின் 1, 12 தொகுதிகள் இனத்தின் பேரில் விழுந்தன. 2017-இல் கூப்பர் எதிர் ஹாரிஸ் தீர்ப்பு அதை உறுதி செய்தது. அந்த இடைவெளியில்தான் 2016 வரைபடம் வந்தது. அப்போது சட்டமன்றம் எடுத்த நிலை: இனத் தரவைத் தொடவே மாட்டோம், கட்சி ஆதாயத்துக்காக மட்டும் வரைகிறோம். இதை ஒளிக்காமல் சொன்னதற்குக் காரணம் உண்டு. இனக் குற்றச்சாட்டுக்கு எதிராகக் கட்சி நோக்கமே கேடயம்.

கேடயம் 2019 ஜூன் 27-இல் இரும்பானது. ருச்சோ எதிர் காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில், கட்சி நோக்கத்தில் போட்ட கோட்டை எடைபோடுவது மத்திய நீதிமன்றங்களின் வேலை அல்ல என்று கைகழுவியது. மாநில நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்றது.

மாநில நீதிமன்றம் பார்த்தது. 2019-இல் மாநிலச் சட்டத்தின்படி வழக்கு, புதிய கோடு, 8–5. 2022 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் 4–3 என்ற கணக்கில் சட்டமன்றத்தின் அடுத்த வரைபடத்தையும் நீக்கியது. நீதிமன்ற மேற்பார்வையில் வந்த கோட்டில் 7–7. அதே ஆண்டு நவம்பரில் நீதிபதிகள் தேர்தல் நடந்தது. வட கரோலினாவில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கட்சிச் சின்னத்தோடு தேர்தலில் நிற்பவர்கள். அமர்வு 5–2 எனக் குடியரசுக் கட்சிப் பக்கம் மாறியது. 2023 ஏப்ரல் 28-இல் அதே நீதிமன்றம் அதே வழக்கை மறுபடி விசாரித்து, கட்சிக் கோட்டில் தலையிட மாநில அரசமைப்பில் இடமில்லை என்றது. அரசமைப்பில் ஒரு வரி மாறவில்லை. அமர்வில் இருந்தவர்கள் மாறினார்கள். ஒரு நீதிமன்றத்தின் மீதான நம்பிக்கையை இதைவிட ஆழமாக எதுவும் காயப்படுத்தாது என்பது என் உறுதியான கருத்து.

அதே வழக்கின் வேறொரு கிளை மூர் எதிர் ஹார்பர். மத்தியத் தேர்தல் விஷயத்தில் மாநில நீதிமன்றம் சட்டமன்றத்தைக் கேள்வி கேட்கவே கூடாது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் 6–3 என்று தள்ளியது. அது தள்ளப்பட்டிருக்காவிட்டால் எந்த மாநிலத்திலும் கதவு மூடியிருக்கும்.

---

தென்றல்67 | பதிவு 9

எல்லாம் சரி. ஆனால் இழை முழுக்க ஒரு கட்சியின் தலையிலேயே விழுகிறது. இல்லினாயில் 17-இல் 14 ஜனநாயகக் கட்சி. 2024-இல் டிரம்ப் அங்கே 43 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். மேரிலாந்தில் 7–1. மாசசூசெட்ஸில் 9–0, மூன்றில் ஒரு பங்கு வாக்காளருக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை. கலிஃபோர்னியா சுதந்திர ஆணையம் வைத்துப் பெருமை பேசியது. 2025 நவம்பரில் 50-ஆவது முன்மொழிவு என்ற மக்கள் வாக்கெடுப்பு மூலம் ஆணையத்தின் கோட்டை ஓரங்கட்டியது. வட கரோலினாவிலும் 2010 வரை பல பத்தாண்டு கோடு போட்டது ஜனநாயகக் கட்சியே.

---

எண்சுவடி | பதிவு 10

இல்லினாய், மேரிலாந்து இரண்டும் ஒத்துக்கொள்ள வேண்டியவை. மேரிலாந்தின் 6-ஆம் தொகுதி வழக்கு ருச்சோவோடு சேர்த்தே தீர்க்கப்பட்டது. எதிரெதிர்க் கட்சிகளின் இரண்டு வரைபடங்கள், ஒரே தீர்ப்பு. கலிஃபோர்னியாவின் மாற்றம், டெக்ஸாஸ் 2025 ஆகஸ்டில் ஐந்து இடங்களைக் குறிவைத்துப் பத்தாண்டின் நடுவில் வரைந்ததற்குப் பதிலடி என்று வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. பதிலடியாக இருந்தாலும் அந்தத் தொகுதி வாக்காளருக்கு நேர்வது ஒன்றே.

மாசசூசெட்ஸை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அங்கே குடியரசுக் கட்சி வாக்காளர்கள் மாநிலம் முழுக்கச் சமமாகப் பரவியிருக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு எல்லா இடத்திலும் மூன்றில் ஒரு பங்காகவே இருந்தால், எப்படிக் கோடு போட்டாலும் பெரும்பான்மைத் தொகுதி கிடைக்காது. மூன் டச்சின் உள்ளிட்ட கணிதவியலாளர்கள் இதைக் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். வட கரோலினாவில் இதன் மறுபக்கம்: ஜனநாயகக் கட்சி வாக்காளர்கள் ராலி, டர்ஹம், சார்லட், ஆஷ்வில் நகரங்களில் குவிந்திருப்பதால், யாரும் அடைக்காமலே கொஞ்சம் அடைபட்டிருக்கிறார்கள். அதனால் வாக்குக்கு ஏற்ற விகிதத்தில் இடம் வரவில்லை என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இதைப் பிரித்துக் காட்டும் முறைதான் மாதிரி வரைபடத் திரள். சட்ட விதிகளை மட்டும் கொடுத்து, கட்சித் தரவைக் கொடுக்காமல், கணினியை ஆயிரக்கணக்கில் வரையச் சொல்வது. அந்த ஊரின் புவியியல் எவ்வளவு சாய்வைத் தானாகத் தருகிறது என்று தெரிந்துவிடும். அதற்கு மேலே உள்ளது கை வைத்தது. டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் மாட்டிங்லி குழு வட கரோலினாவுக்கு 24,518 வரைபடங்களை உருவாக்கியது. அவற்றில் 10–3 கொடுத்தவை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ருச்சோ வழக்கில் இதுவே முக்கியச் சான்று. கணக்கு தவறு என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. எந்த அளவுக்கு மேல் போனால் அநியாயம் என்று கோடு கிழிக்கத் தன்னிடம் அளவுகோல் இல்லை என்றது.

---

மாம்பலம் வாசகர் | பதிவு 11

இதை நாமே செய்து பார்க்க முடியுமா? கட்டணம் இல்லாத கருவிகள் உண்டா? எங்கே தடுக்கி விழுவோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

---

கேரி தமிழ் | பதிவு 12

முடியும். சட்டமன்றங்கள் மேப்டிட்யூட் போன்ற விலையுள்ள மென்பொருளை வைத்திருக்கின்றன. நமக்கு டேவ்ஸ் ரீடிஸ்ட்ரிக்டிங் தளமும் கியூஜிஐஎஸ்-ஸும் போதும்.

முதலில் கணக்கெடுப்புத் துறையின் 94-171 கோப்பு. வரைபடம் வரையவென்றே வெளியிடப்படுவது. ஒவ்வொரு பிளாக்கிலும் (கணக்கெடுப்பின் மிகச் சிறிய நிலப்பகுதி) மொத்த மக்கள்தொகை, 18 வயதுக்கு மேற்பட்டோர், இன விவரம் இருக்கும். அதன் எல்லைக் கோப்பைத் தனியாக இறக்குங்கள். அடுத்து மாநிலத் தேர்தல் வாரியத்தின் தளத்திலிருந்து வாக்குச்சாவடிப் பகுதி வாரியான முடிவுகள். சாவடிப் பகுதி பெரியது, பிளாக் சிறியது. எனவே சாவடி வாக்கை அதிலுள்ள பிளாக்குகளுக்கு 18 வயதுக்கு மேற்பட்டோர் விகிதத்தில் பிரித்துக் கொடுக்க வேண்டும். பிறகு எந்தத் தொகுதிக் கோட்டைப் போட்டாலும் உள்ளே விழும் வாக்கைக் கூட்டிவிடலாம்.

முன்கூட்டிய வாக்கில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். வட கரோலினாவில் பெரும்பாலானோர் தேர்தல் நாளுக்கு முன்பே வாக்களிக்கிறார்கள். அந்த வாக்கு முதலில் பதிவாவது மையத்தின் பெயரில், வாக்காளரின் சாவடிப் பெயரில் அல்ல. தேர்தல் இரவுக் கோப்பை எடுத்தால் பாதிக்கு மேற்பட்ட வாக்கு தவறான இடத்தில் நிற்கும். சாவடி வாரியாகப் பிரித்த கோப்பு பிறகு தனியாக வரும்; அதற்காகக் காத்திருங்கள்.

கட்சிப் பதிவை வாக்காக எண்ணுவதும் தவறு. கிழக்குக் கவுண்டிகளில் ஜனநாயகக் கட்சியில் பதிந்துவிட்டு மற்ற கட்சிக்கு வாக்களிப்பவர்கள் ஏராளம். மாநில அளவில் 2022 முதல் எந்தக் கட்சியிலும் சேராதவர்களே பெரிய கூட்டம்.

பிளாக் எண்களை மிகவும் நம்பவும் கூடாது. 2020-இல் தனிநபர் விவரம் காக்க, பிளாக் அளவில் எண்களை வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்து வெளியிட்டார்கள். மாநில மொத்தம் மட்டும் அசல். ஒரு ஆள் வித்தியாசம் என்பது இந்தக் கலைத்த எண்ணில்தான், ஆனால் சட்டத்துக்கு அதுவே எண். சிறைக் கைதிகள் சொந்த ஊரில் எண்ணப்படுவதில்லை, சிறை இருக்கும் இடத்தில் எண்ணப்படுகிறார்கள். அவர்களால் வாக்களிக்க முடியாது. ஒரு கிராமப்புறத் தொகுதியில் பெரிய சிறை இருந்தால் அங்குள்ள வாக்காளரின் எடை கூடிவிடும்.

---

நீதிக்குறிப்பு | பதிவு 13

தரவு பற்றிப் பேசும்போது ஒன்று. 2018-இல் இறந்த வரைபட நிபுணர் தாமஸ் ஹோஃபெல்லரின் கணினிக் கோப்புகள் 2019 வழக்கில் சான்றாக வந்தன. எப்போது வரைந்தார், எந்தத் தரவைத் திறந்து வைத்திருந்தார் என்பதெல்லாம் தெரிந்தது. சட்டமன்றத்தில் சொன்ன காலக்கணக்குக்கும் கோப்பின் தேதிக்கும் பொருந்தவில்லை என்பது வாதிகளின் வலுவான வாதம். பின்னர் 2023 பட்ஜெட் சட்டத்தோடு ஒரு மாற்றம் வந்தது: வரைபடம் நிறைவேறியதும் வரைவுக் கடிதப் போக்குவரத்து பொதுப் பதிவாகிவிடும் என்ற பழைய விதி நீக்கப்பட்டது. சில வாரங்களிலேயே புதிய வரைபடம். எதைப் பார்க்க முடியாமல் போனது என்பதையும் வரைபடத்தோடு சேர்த்துப் பேச வேண்டும்.

---

கரைக்கோடு | பதிவு 14

இழைத் தலைப்பின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். கோடு ஒரு பக்கம், எண்ணிக்கை மறுபக்கம். இரண்டும் ஒரே மாநிலத்தில் சோதிக்கப்பட்டிருக்கின்றன.

முதலாவது 2018, 9-ஆம் தொகுதி. மார்க் ஹாரிஸ் 905 வாக்கில் முன்னிலை. மாநில வாரியம் சான்றளிக்க மறுத்தது. பிளேடன் கவுண்டியில் ஏற்கப்பட்ட தபால் வாக்குகளில் குடியரசுக் கட்சியில் பதிந்தவர்களுடையவை 19 சதவீதம். ஹாரிஸுக்கு விழுந்ததோ 61 சதவீதம். விசாரணையில், கூலிக்கு ஆள் வைத்து வீடுவீடாகப் போய்த் தபால் வாக்குச்சீட்டுகளை வாங்கியது தெரிந்தது. அடுத்தவர் சீட்டை வாங்கிக்கொண்டு போவது அங்கே குற்றம். 2019 பிப்ரவரியில் வாரியம் ஒருமனதாக மறுதேர்தலுக்கு உத்தரவிட்டது. பிடிபட்டதற்குக் காரணம், யார் சீட்டுக் கேட்டார், திரும்பி வந்ததா, சாட்சிக் கையெழுத்து யாருடையது என்ற விவரமெல்லாம் பதிவில் இருந்ததே. ஒரே சாட்சிக் கூட்டம் பல உறைகளில் திரும்பத் திரும்ப வந்திருந்தது.

இரண்டாவது 2024, மாநில உச்ச நீதிமன்ற இடம். ஆலிசன் ரிக்ஸ் 734 வாக்கில் முன்னிலை, மொத்தம் 55 லட்சத்துக்கு மேல். இயந்திர மறு எண்ணிக்கை, பிறகு ஒவ்வொரு கவுண்டியிலும் குலுக்கலில் எடுத்த சாவடிகளில் கையால் எண்ணுவது. இரண்டிலும் முடிவு மாறவில்லை. இதற்கிடையே எதிர்வேட்பாளர், குடியரசுக் கட்சியின் ஜெஃபர்சன் கிரிஃபின், 65,000-க்கு மேற்பட்ட வாக்குகளையே நீக்கக் கேட்டார். பெரும்பாலானவற்றில் சொன்ன காரணம், பதிவில் ஓட்டுநர் உரிம எண்ணோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கமோ இல்லை என்பது. பழைய பதிவுப் படிவம் அந்தக் கட்டம் கட்டாயம் என்று தெளிவாகச் சொல்லவில்லை; பிழை வாக்காளருடையது அல்ல. ஆறு மாதம் இழுத்தது. 2025 மே மாதம் மத்திய நீதிபதி ரிச்சர்ட் மையர்ஸ், தேர்தல் முடிந்தபின் விதியை மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தார். அவர் டிரம்ப் நியமித்தவர். கிரிஃபின் விலகிக்கொண்டார்.

பிளேடனில் நடந்தது முறைகேடு, ஆதாரத்தோடு. 2024-இல் கேட்கப்பட்டது, விதிப்படி வாக்களித்தவர்களின் சீட்டைப் பின்னால் செல்லாததாக்குவது. இரண்டையும் "தேர்தல் நேர்மை" என்ற ஒரே பெயரில் அழைத்தால் உண்மையான முறைகேட்டைப் பிடிக்கும் வேலைக்கே மரியாதை போய்விடும்.

தேர்தல் வாரியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில் சட்டமன்றம் வாரிய உறுப்பினர்களை நியமிக்கும் அதிகாரத்தை ஆளுநரிடமிருந்து எடுத்து மாநிலத் தணிக்கையாளரிடம் கொடுத்தது. 2025 மே முதல் வாரியம் 3–2 எனக் கைமாறியது. ஆளுநர் ஜனநாயகக் கட்சி, தணிக்கையாளர் குடியரசுக் கட்சி. கோடு போடும் கையும், எண்ணிக்கையை மேற்பார்க்கும் கையும் ஒரே பக்கம் வந்துவிட்டன. முன்பு ஆளுநர் பக்கம் 3–2 இருந்தபோதும் குறை இருந்தது என்பது உண்மை. அதைத் தீர்க்கும் வழி சமநிலையான வாரியம், கைமாற்றம் அல்ல.

---

வன்னிக்காற்று | பதிவு 15

இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு. எங்கட பாராளுமன்றத் தேர்தல் 1989 முதல் விகிதாசார முறையில் நடக்குது. 22 தேர்தல் மாவட்டங்களில் 196, தேசியப் பட்டியலில் 29. கோடு எங்கே போகுது என்பதில் இத்தனை சண்டைக்கு இடமில்லை. மாகாண சபைக்குத் தொகுதியும் விகிதாசாரமும் கலந்த முறையை 2017-இல் கொண்டு வந்ததும் எல்லை நிர்ணய அறிக்கை தேவைப்பட்டது. 2018 ஆகஸ்டில் அந்த அறிக்கைக்குப் பாராளுமன்றத்தில் ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. அதோடு மாகாண சபைத் தேர்தலே முடங்கிப் போச்சு. கோடு இல்லாத முறைக்குள் கோட்டைக் கொண்டுவந்தால் தேர்தலையே நிறுத்தி வைக்கவும் அது உதவும். வட கரோலினா ஏன் விகிதாசாரத்துக்குப் போகக் கூடாது?

---

நீதிக்குறிப்பு | பதிவு 16

மாநிலத்தால் முடியாது. பிரதிநிதிகள் சபைக்கு ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்று 1967-இன் மத்தியச் சட்டம் கட்டாயமாக்குகிறது. அதை மாற்ற வேண்டியது வாஷிங்டன்.

மாநிலத்துக்குள் செய்யக்கூடியது ஆணையம். மிச்சிகனில் 2018-இல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த 13 பேர் ஆணையத்தில் நான்கு, நான்கு, ஐந்து என்று இரு கட்சியினரும் சாராதவரும். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் இருவராவது ஆதரிக்காமல் வரைபடம் நிறைவேறாது. அயோவாவில் சட்டமன்றத்தின் ஊழியர் அமைப்பு கட்சித் தரவு பார்க்காமல் வரைகிறது. அங்கேயும் இப்போது 4–0 குடியரசுக் கட்சி என்பதை மறக்க வேண்டாம். நடுநிலைக் கோடு சமபங்கைத் தரும் என்று உறுதி இல்லை. வட கரோலினாவின் சிக்கல் என்னவென்றால், மக்கள் கையெழுத்துத் திரட்டித் தாங்களே வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் உரிமை அங்கே இல்லை. ஆணையம் வர வேண்டுமானால் பேனாவைப் பிடித்திருக்கும் சட்டமன்றமே அதைக் கொடுக்க வேண்டும்.

---

தென்றல்67 | பதிவு 17

அப்படியானால் கோடு போட்டவருக்குத் தோல்வியே கிடையாதா?

---

எண்சுவடி | பதிவு 18

உண்டு, பேராசைப்பட்டால். அ கட்சிக்கு 500-இல் 270 வாக்கு என்று வைத்து, ஐந்திலும் 54–46 என்று பரப்பினால் ஐந்தும் கிடைக்கும். காற்று 5 புள்ளி மாறினால் ஐந்தும் போகும். பென்சில்வேனியாவில் குடியரசுக் கட்சி வரைந்த வரைபடம் 2002-இல் 19-இல் 12 கொடுத்தது. 2006-இல் அதே கோட்டுக்குள் ஜனநாயகக் கட்சி 11 எடுத்தது.

2025 அக்டோபரில் வட கரோலினாவில் மாற்றியது 1, 3 ஆகிய இரண்டு தொகுதிகளை மட்டும். கரையோரக் கவுண்டிகள் 3-லிருந்து 1-க்கு வந்தன. வில்சன், வேய்ன் போன்ற உள்நாட்டுக் கவுண்டிகள் 1-லிருந்து 3-க்குப் போயின. 2024-இல் டான் டேவிஸ் 2 புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் காப்பாற்றிய இடம் 1. பல பத்தாண்டுகளாகக் கறுப்பின வாக்காளர்கள் தங்கள் விருப்பமானவரை அனுப்பிவந்த தொகுதியும் அதுவே. நோக்கம் 11–3. 3-ஆம் தொகுதியில் இருந்த உபரி வாக்கு 1-க்கு நகர்ந்திருக்கிறது. அதனால் 3-இன் பாதுகாப்பும் கொஞ்சம் கரைந்திருக்கும். எவ்வளவு என்பதைப் பதிவு 12-இல் சொன்ன முறைப்படி 2024 ஆளுநர் வாக்கையும் அதிபர் வாக்கையும் தனித்தனியாகக் கொட்டிப் பாருங்கள். ஆளுநர் தேர்தல் 14 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் போன ஒருதலைப் போட்டி. அதை மட்டும் வைத்தால் எல்லாத் தொகுதியும் ஊசலாடுவதுபோலத் தெரியும்.

---

மாம்பலம் வாசகர் | பதிவு 19

கடைசியாக ஒன்று: தேர்தல் முடிந்த இரவு எண்களை எப்போது நம்பலாம்?

---

கேரி தமிழ் | பதிவு 20

அன்றிரவு வருவது அதிகாரபூர்வமற்றது. 2023 சட்டத்துக்குப் பிறகு உள்நாட்டுத் தபால் வாக்கு தேர்தல் நாள் இரவு 7.30-க்குள் வந்து சேர வேண்டும். முன்பிருந்த மூன்று நாள் சலுகை கிடையாது. ராணுவத்தினர், வெளிநாட்டில் இருப்போர் சீட்டுகளும் தற்காலிக வாக்குகளும் (வாக்காளரின் தகுதியைச் சரிபார்க்கும்வரை தனியே வைக்கப்படுபவை) அதற்குப் பிறகே சேர்க்கப்படும். தேர்தலுக்குப் பத்தாம் நாள் ஒவ்வொரு கவுண்டி வாரியமும் கூடி எண்ணிக்கையைச் சரிபார்த்துக் கையெழுத்திடும். 734 வாக்கு வித்தியாசம்போல நெருக்கமான போட்டியில் அதுவரை முன்னிலை மாறலாம். 2024-இல் அப்படித்தான் மாறியது. மாறுவது முறைகேட்டுக்கு அடையாளம் அல்ல, எண்ணி முடிப்பதன் பகுதி. அந்தக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. நேரமும் இடமும் கவுண்டி வாரியத்தின் தளத்தில் முன்கூட்டியே வரும். உள்ளே போய் உட்கார்ந்து, தற்காலிக வாக்குகளில் எத்தனை ஏற்றார்கள், எத்தனை தள்ளினார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.